பச்சை எழுத்தில் பத்தொன்பது கோப்புகள்

கோப்புகள் பத்தொன்பதும் இருந்தன. பட்டு, கம்ப்யூட்டர் திரையின் மேல் விரலை வைத்து எண்ணியே பார்த்துவிட்டாள். 'ஷிப்ட் பஸ்', 'குளியல்', 'அம்மா எங்கே', 'இவள் யார்' என்று ஒவ்வொன்றின் பெயரும் அதனதன் இடத்தில் இருந்தது. எந்தத் தேதியில் எடுத்தது, எவ்வளவு பெரியது என்பதுகூடப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் எதைத் தட்டினாலும் ஒரே பதில்தான் வந்தது: இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை.

மற்ற கோப்புகளின் பெயர்கள் எல்லாம் கறுப்பு எழுத்தில் இருந்தன. கல்யாணப் போட்டோக்கள், மின்சார பில், பேத்தியின் மார்க் ஷீட் எல்லாம் சமர்த்தாகத் திறந்தன. இந்தப் பத்தொன்பது மட்டும் பச்சை எழுத்து. ஒவ்வொன்றின் ஓரத்திலும் கடுகளவு ஒரு பூட்டுப் படம். சொந்த வீட்டில், சொந்தக் கம்ப்யூட்டரில், சொந்தப் புருஷன் பேசிய பேச்சைக் கேட்க யாரிடம் அனுமதி வாங்குவது என்று அவளுக்குப் புரியவில்லை.

மணி ஐந்தரை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வெங்கடகிருஷ்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு, கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு, கதவுத் தாழ்ப்பாளோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, எங்க கிளம்பிட்டேள்?"

"செகண்ட் ஷிப்ட். பஸ் வந்துடும். கதவை ஏன் பூட்டி வெச்சிருக்கா? யாரு நீங்க? சாவியக் குடுங்கோ."

நாற்பத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்தவளை 'நீங்க' என்றார். பட்டு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். அவர் கதவை இடிக்கத் தொடங்கினார்.

அந்தப் பத்தொன்பது கோப்புகள் என்னவென்று சொல்ல வேண்டும்.

வெங்கடகிருஷ்ணன் மௌலா அலி பக்கத்து ஆலையில் முப்பத்து நாலு வருஷம் கருவிகள் பிரிவில் இருந்தவர். அழுத்தமானி, வெப்பமானி, வால்வு எல்லாம் அவர் சொன்னபடி கேட்கும். ஓய்வு பெற்ற எட்டாம் வருஷம் மறதி நோய் என்று தெரிந்தது. அன்றைக்கு டாக்டர் ஒரு யோசனை சொன்னார். போகப் போக மற்றவர் சொல்வதை நீங்கள் நம்ப மாட்டீர்கள், உங்கள் குரலை ஒருவேளை நம்பலாம், புத்தி தெளிவாக இருக்கும்போதே உங்களுக்கு நீங்களே பேசிப் பதிந்து வையுங்கள் என்றார். கருவிக்காரருக்கு அது பிடித்துப்போயிற்று. இயந்திரத்துக்கு இன்ன கோளாறு வந்தால் இன்ன பக்கத்தைப் பார் என்று கையேடு எழுதுவதைப் போல, வரப்போகிற கோளாறுகளை ஒவ்வொன்றாக யோசித்தார். ஒரு கோளாறுக்கு ஒரு வீடியோ. இரண்டு மாதத்தில் பத்தொன்பது ஆயிற்று.

அவை வேலை செய்தன. மாலையில் செருப்பைப் போட்டதும் பட்டு அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்த்துவாள். கடவுச்சொல் கேட்கும். அவர் கை தானாக ஓடி அதை அடிக்கும். 'ஷிப்ட் பஸ்' என்பதை அவள் தட்டுவாள். திரையில் மூன்று வருஷத்துக்கு முந்தைய வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேசுவார். உட்கார்ந்திருப்பவர் கேட்பார். பிறகு எழுந்துபோய்ச் செருப்பைக் கழற்றிவிடுவார்.

அவருக்காகத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பட்டு யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அந்த வீடியோக்களில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பத்தொன்பதிலும் சேர்த்து முப்பத்தொரு தடவை. வீட்டில் அந்தப் பெயர் வேறெங்கும் ஒலித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

கோப்புகளுக்குப் பூட்டுப் போட்டதும் அவரேதான். சொந்த விஷயத்தைத் திறந்துபோட அவர் மனம் ஒப்பவில்லை. பூட்டிய சில நாளில் திரையின் கீழ் மூலையில் ஒரு பெட்டி முளைத்தது. உங்கள் கோப்புகளின் பூட்டுச் சாவியைப் பிரதி எடுத்து வையுங்கள் என்று சொல்லி, இப்போதே எடுக்கவா, அடுத்த முறை எடுக்கவா, எப்போதுமே வேண்டாமா என்று கேட்டது.

"பாத்தியா பட்டு, சாவிக்கு டூப்ளிகேட் போடச் சொல்றான்!" என்று அவர் சிரித்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. "பிளான்ட்ல இப்படி ஒருத்தன் கேட்டா கேட்லயே பிடிச்சு உக்கார வெச்சுடுவா."

"என்னமோ நல்லதுக்குக் கேக்கறதோ என்னவோ."

"நக்கோ, வேண்டாம். சாவிக்குக் காப்பி எடுத்தா அது சாவியே இல்லை."

எப்போதுமே வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு, காவல் காத்த திருப்தியோடு காபி கேட்டார். கடவுச்சொல்லையும் அப்படித்தான் அவளிடம் சொல்லவில்லை. பெண்டாட்டிக்கும் சொல்லக் கூடாது என்பது ஆலையின் சட்டம். சட்டத்தை மீறத் தெரியாத மனிதர்.

போன மாதம் பிள்ளை மாதவ் அப்பாவுக்கு அழகாக ஒரு புதுக் கீபோர்டு வாங்கிவந்தான். ஒயர் இல்லாதது, வெள்ளை நிறம், ஒரு முழம்கூட இல்லை. பழையதில் தூசியும் காபிக் கறையும் இருந்ததால் அதைப் பழைய சாமான் எடுக்கிறவனிடம் போட்டுவிட்டுப் போனான். அன்று மாலை அவர் அடித்து முடித்தும் திரை மாறவில்லை; பட்டுவே என்டரைத் தட்டினாள், கம்ப்யூட்டர் 'தவறு' என்றது. வெங்கடகிருஷ்ணன் மறுபடி அடித்தார். தவறு. ஐந்தாம் தடவை கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

"கடைசியில அதையும் மறந்துட்டார்," என்றான் மாதவ் போனில். "நான் ஆள் அனுப்பறேன்மா."

வந்தவன் பெயர் ராகேஷ். பென் டிரைவைச் செருகி, கறுப்புத் திரையில் ஏதோ ஓடவிட்டு, ஐந்து நிமிஷத்தில் பழைய கடவுச்சொல்லைத் துடைத்துவிட்டு 1234 என்று புதிதாக வைத்தான். "ஹோ கயா, ஆன்ட்டி!" முடிந்துவிட்டதாம். கம்ப்யூட்டர் என்னவோ திறந்தது. பச்சைக் கோப்புகள் திறக்கவில்லை. ராகேஷ் தலையைச் சொறிந்தான். பைல் கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றான்.

"நக்கோ பாபு," என்று பட்டு கம்ப்யூட்டருக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள். "நீ கிளம்பு."

அதற்குப் பிறகு பதினோரு மாலைகள் போயிருந்தன. இரண்டு முறை அவர் கதவில் நெற்றியை மோதிக்கொண்டார். ஒருமுறை அவள் கையை முறுக்கிச் சாவியைப் பிடுங்கி, மெயின் ரோடு வரை போய்விட்டார். மாதவ் வந்து அம்மாவின் மணிக்கட்டில் இருந்த கன்றலைப் பார்த்தான். நேரே போய், ஷாமீர்பேட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டு வந்தான்.

"ஞாயித்துக்கிழமை கூட்டிண்டு போலாம்மா. வாரா வாரம் போய்ப் பாக்கலாம். உன்னால முடியலை. எனக்கும் உன்னை இப்படி விட்டுட்டு ஆபீஸ்ல உக்கார முடியலை."

"அங்க அவருக்கு யாரைத் தெரியும்?"

"இங்க யாரைத் தெரியறது?"

சொன்ன பிறகு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருந்தாலும் அது உண்மைதான்.

செவ்வாய்க்கிழமை பட்டு மாடி ஏறினாள். மாடிப் போர்ஷனில் சபீனா குடியிருந்தாள். நாகூர்ப் பெண். கணவனுக்கு நாச்சாரத்தில் வேலை. இவள் அமீர்பேட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவள். கீழே கதவு இடிபடும் சத்தம் அவளுக்குத் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கூப்பிடாமல் எப்படிப் போவது என்று தயங்கியிருந்தாள்.

சபீனா வந்து உட்கார்ந்து, பச்சைப் பெயர்களைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பாஸ்வேர்டை அழிச்சது யாரு மாமி?"

"ராகேஷ்னு ஒருத்தன். தெறந்தானே?"

"வாசக்கதவைத் தொறந்தான். நான் சொல்றதைப் பாருங்க." அவள் எழுந்து போய்க் கூடத்து பீரோவைத் தட்டினாள். "வாசல் பூட்டை ஒடச்சு ஒருத்தன் உள்ள வந்துட்டான். இந்த பீரோ பூட்டியிருக்கு. பீரோ சாவி எங்க? வீட்டுலயே ஒரு சின்னப் பெட்டியில இருக்கு. அந்தப் பெட்டிக்குத் தனியாச் சாவி கிடையாது. மாமாவோட பாஸ்வேர்டுதான் அதுக்குச் சாவி. ராகேஷ் வாசலுக்குப் புதுப் பூட்டுப் போட்டான். சின்னப் பெட்டிக்கு அது தெரியாது. அது இன்னும் பழைய பாஸ்வேர்டுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

பட்டு யோசித்தாள். "அப்ப ராகேஷ் அதை ஒடைக்கலையா?"

"யாராலயும் ஒடைக்க முடியாது. திருடன் வாசல் பூட்டை ஒடச்சு உள்ள வந்தாலும் இது அவனுக்குக் கிடைக்கக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சு வச்சிருக்காங்க. நம்ம ராகேஷும் அதுக்குத் திருடன்தான். நாமளும்தான்."

"இவர் ஒத்தர் போறாதா, இதுவும் நம்மளைத் தெரியாதுங்கறதா!" என்றாள் பட்டு.

சபீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெட்டி கெடலை மாமி. பைலும் கெடலை. பழைய பாஸ்வேர்டு தெரிஞ்சா, இப்ப இருக்கிற 1234-ஐ எடுத்துட்டுத் திரும்ப அதையே வச்சுடலாம். பெட்டி அடையாளம் கண்டுக்கும். அது தெரியாம வேற வழியே இல்லை. சாவிக்கு ஒரு காப்பி எடுத்து வச்சிருந்தா..."

பட்டு தலையைக் குனிந்துகொண்டாள். எப்போதுமே வேண்டாம் என்று அவர் அழுத்தியபோது பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

புதன் முழுக்க அவள் தேடினாள். டைரிகள், பழைய சம்பளச் சீட்டுகள், பூஜை அலமாரியின் அடித்தாள். அவரிடமே கேட்டுப் பார்த்தாள். "பாஸ்வேர்டா? செக்யூரிட்டில கேளுங்கோ," என்றார் மரியாதையாக.

மாலையில் வேறு வழி தெரியாமல் அவரைப் பழைய வழக்கப்படியே திரை முன்னால் உட்காரவைத்தாள். சும்மா இருக்கட்டும், கதவை இடிக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள். கடவுச்சொல் கேட்கும் கட்டத்தைக் கண்டதும் அவர் முதுகு நிமிர்ந்தது. இரண்டு கைகளும் வெள்ளைக் கீபோர்டின் மேல் போயின. தடுமாற்றமே இல்லாமல் எட்டு எழுத்துகளை அடித்தார். பிறகு வலது கை கீபோர்டை விட்டுத் தாண்டி வெறும் மேஜைப் பலகைக்குப் போயிற்று. அங்கே டொக் டொக் என்று ஐந்து தட்டு. சற்றுத் தள்ளி, சுண்டு விரலால் ஆறாவது தட்டு. அப்புறம் கையை எடுத்துக்கொண்டு, திரை மாறுவதற்காகக் காத்திருந்தார்.

மாதவ் வந்திருந்தபோது இதைப் பார்த்துத்தான் கை நடுக்கம் என்று சொல்லியிருந்தான். பட்டு, "இன்னொரு தரம் அடிங்கோ," என்றாள். மறுபடியும் எட்டு எழுத்து, மேஜையில் ஐந்து தட்டு. முதல் தட்டு இடப்பக்கம் நடுவில், அடுத்தது கீழே தனியாக, மூன்றாவது மேலே. மூன்றாம் தரமும் அச்சடித்தாற்போல் அதே இடங்கள். நடுங்குகிற கை இவ்வளவு கணக்காக நடுங்காது.

அவள் மாடிப்படியில் பாதி ஏறி நின்றே கூப்பிட்டாள். "சபீனா! பழைய கீபோர்டுல வலது பக்கம் தனியா நம்பர் இருக்குமே, கால்குலேட்டர் மாதிரி, இருக்குமோன்னோ?"

"ஆமா மாமி, நம்பர் பேடு."

"இந்தப் புதுசுல அது இல்லைடீ! அவர் மறக்கவே இல்லை. அடிக்கற எடத்தைத்தான் நாங்க எடுத்துண்டு போயிட்டோம்."

கருவிகள் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் எண்களை அந்தப் பலகையில் அடித்த கை அது. கடவுச்சொல் என்ன என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. வாய்க்கும் தெரியாது, மனசுக்கும் தெரியாது. சைக்கிள் விடுவதும் பூணூல் முடிச்சும் அவருக்கு மிச்சமிருப்பதைப் போல அது விரல்களில் மட்டும் மிச்சமிருந்தது. விரலுக்கு எழுத்து தெரியாது, இடம்தான் தெரியும். இடம் மாறினால் விரலுக்கு மறதிதான்.

வியாழக்கிழமை சபீனா பயிற்சி நிலையத்திலிருந்து ஒரு பழைய பெரிய கீபோர்டை வாங்கிக்கொண்டு வந்தாள். பிளாஸ்டிக் பையில் நெட்டுக்குத்தாக நின்ற அதை அமீர்பேட் மெட்ரோவில் நாலு பேர் முழங்காலில் இடித்தபடி தூக்கி வந்ததாகச் சொன்னாள்.

"அவர் அடிச்சு முடிச்சு என்டர் தட்டிட்டார்னா எல்லாம் மறைஞ்சுடும் மாமி. அதுக்கு முந்தி நிறுத்தணும். கட்டத்து ஓரத்துல கண் மாதிரி ஒரு படம் வரும். அதை அழுத்திப் பிடிச்சா அடிச்சது என்னன்னு காட்டும்."

"அஞ்சு தட்டு. ஆறாவதுக்கு முன்னால நான் பிடிச்சுக்கறேன்."

அவரை உட்காரவைத்தார்கள். அவர் பெரிய கீபோர்டைப் பார்த்ததும் அதன் ஓரத்தை ஒருமுறை தடவினார். எட்டு எழுத்து. வலது கை நகர்ந்தது. ஐந்து தட்டு. ஆறாவதுக்குச் சுண்டு விரல் நீண்டபோது பட்டு அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். அவர் உதறவில்லை. சபீனா கண் படத்தை அழுத்தினாள்.

எட்டு எழுத்துதான் இருந்தது. எண்களைக் காணோம்.

சபீனா கீபோர்டைக் குனிந்து பார்த்து, "அட, நம்பர் லாக் லைட்டே எரியலை!" என்று தன் தலையில் குட்டிக்கொண்டாள். "அது எரிஞ்சாத்தான் இந்தப் பக்கம் நம்பர் விழும். இல்லைன்னா வெறும் அம்புக்குறி."

கட்டத்தில் விழுந்திருந்ததை அழித்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. மறுபடியும் எட்டு எழுத்து, ஐந்து தட்டு, பட்டுவின் கைக்குள் அவர் கை.

இந்தத் தடவை முழுதாகத் தெரிந்தது. முதல் எட்டும் எந்தப் பெயரிலும் சேராத ஆங்கில எழுத்துகள். பட்டு தன் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடியதை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லை. குடும்பத்தார் பெயரை வைக்கக் கூடாது என்பதும் ஆலைச் சட்டம். பின்னால் இருந்த 40718 அவளுக்குத் தெரிந்ததுதான். ஆலையில் அவருடைய டோக்கன் நம்பர். கல்யாணமானது முதல் அவர் ஓய்வு பெறும்வரை காக்கிச் சட்டைப் பையில் அதைப் பார்த்துப் பார்த்துத் துவைத்தவள் அவள்.

சபீனா அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டாள். 1234 போட்டு உள்ளே போய், கடவுச்சொல்லை மாற்றும் இடத்துக்குச் சென்று, எழுதியதையே புதுக் கடவுச்சொல்லாக வைத்தாள். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாள்.

"இப்ப மாமாவே அடிக்கட்டும்."

அவர் அடித்தார். ஆறாவது தட்டையும் தட்டினார். திரை மாறியது. பட்டு 'ஷிப்ட் பஸ்' என்ற பச்சைப் பெயரைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் வெங்கடகிருஷ்ணன்," என்றது அந்தக் குரல். "கருவிகள் பிரிவு. இன்னிக்கு எனக்கு ஷிப்ட் இல்லை. நான் ரிடையர் ஆயிட்டேன், நல்லபடியா முடிச்சுட்டேன், ஒரு பாக்கியும் இல்லை. பஸ் வராது. செருப்பைக் கழட்டு. பக்கத்துல நிக்கறவ பட்டு. அவ அடிச்சாலும் வாங்கிக்கோ, அவ சொல்றதைக் கேளு. பட்டு, இவன் படுத்தினா கோவிச்சுக்காதே. இவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பட்டு."

உட்கார்ந்திருந்தவர் அசையாமல் கேட்டார். முடிந்ததும் பட்டுவைப் பார்த்து, "நல்ல மனுஷர். தெளிவாப் பேசறார்," என்றார். "எந்த செக்‌ஷன் அவர்?"

"உங்க செக்‌ஷன்தான்," என்றாள் பட்டு.

அவர் போய்ச் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வரிசையாக வைத்தார். சபீனா திரையை உற்றுப் பார்ப்பதைப் போல் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, சாவிப் பிரதி எடுக்கும் பெட்டியைத் தேடிப் பிடித்து ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்தாள்.

"அவர் விரலும் ஒரு நாள் மறந்துடும் இல்லையா சபீனா?"

"மறக்கலாம் மாமி. அன்னைக்கு நீங்க அடிங்க."

ஆறரைக்கு மாதவ் கூப்பிட்டான். பின்னால் ஆபீஸ் இரைச்சல். "அம்மா, கதவு சத்தமே கேக்கலையே. அப்பா எங்க?"

"சாதம் சாப்பிடறார். வீடியோ தெறந்துடுத்து. ஞாயித்துக்கிழமை நீ சாப்பிட வா. பெட்டி கட்ட வர வேண்டாம்."

"எப்படிம்மா? ராகேஷ் பைலே கெட்டுப்போச்சுன்னானே?"

"நம்பர் பலகை இருக்கற பெரிய கீபோர்டை மாட்டினோம். நம்பர் லாக் லைட்டைப் போட்டோம். அப்பாவை அடிக்க விட்டு, என்டருக்கு முன்னால நிறுத்தி, கண் படத்தை அழுத்திப் படிச்சு எழுதிண்டோம். ராகேஷ் வெச்ச பாஸ்வேர்டை எடுத்துட்டு, அப்பாவோட பழைய பாஸ்வேர்டையே திரும்ப வெச்சோம். பத்தொன்பதும் தெறந்துடுத்து."